விறைப்பூசி போட்டதும் நரம்புக்கு என்ன நடக்கிறது?

கொழும்பு வோட் பிளேஸ் பல் வைத்தியசாலையோ, வெள்ளவத்தையில் ஏதாவது கிளினிக்கோ, கீழ்க் கடைவாய்ப் பல் கழற்றப் போனால் ஊசி போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாங்கில் இருக்கச் சொல்வார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் பாதிச் சொண்டு தடித்துத் தொங்குவதுபோல் இருக்கும். போன் கமெராவில் பார்த்தால் ஒரு வீக்கமும் இராது. ஊசி ஏறியது வாயின் பின்பக்கத்தில், தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு நுழையும் இடத்தில். அந்த நரம்பு வழியில் பற்களுக்கெல்லாம் கிளை கொடுத்துவிட்டு, நாடிக்குப் பக்கத்தில் வெளியே வந்து சொண்டுக்கும் போகிறது. அதனால்தான் பல்லோடு சேர்ந்து சொண்டும் விறைக்கிறது.

நரம்பு செத்துவிட்டது, தூங்கிவிட்டது என்றெல்லாம் சொல்வோம். இரண்டுமில்லை. அதில் ஒரேயொரு வகைக் கதவு மட்டும் அடைபட்டிருக்கிறது.

நரம்பு என்பது மயிரைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புக்கலத்தின் நீண்ட கை. இழைக்கு வெளியே சோடியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) அதிகம், உள்ளே பொற்றாசியம் அதிகம். கலச்சவ்விலுள்ள பம்பிகள் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுத்தபடியே இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ற்று தாழ்ந்திருக்கும். டோர்ச் பற்றரியில் இருபதில் ஒரு பங்குதான் இது. ஆனால் சவ்வு அவ்வளவு மெல்லியது என்பதால், மீற்றருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் ஒரு கோடி வோல்ற்றைத் தாண்டும்.

பல்லில் வலி தூண்டும்போது இந்த 70 கொஞ்சம் குறைகிறது. ஏறக்குறைய 55க்கு வந்ததும், சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் சோடியக் கதவுகள் படாரென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, அந்த இடத்தின் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பக்கத்திலுள்ள கதவுகளைத் திறக்க, அவை அடுத்ததைத் திறக்க, செய்தி ஓடுகிறது. கம்பியில் மின்சாரம் போவதைவிட, சீனவெடிக் கட்டு ஒன்றையொன்று பற்றவைத்து வெடித்துப் போவதற்குத்தான் இது கிட்ட. ஒரு வித்தியாசம்: இங்கே பொற்றாசியம் வெளியேறி, சில மில்லிசெக்கன்களில் அதே இடம் மறுபடியும் வெடிக்கத் தயாராகிவிடும். வலி கூடினால் ஒவ்வொரு வெடியும் பெரிதாவதில்லை. அடுத்தடுத்து வேகமாக வெடிக்கும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது கணவாய். அதன் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பான நரம்பிழை ஒன்று உண்டு. அதற்குள் மின்வாய் நுழைத்து அளந்த பிரித்தானிய விஞ்ஞானிகள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் முழுக் கணக்கையும் எழுதிவிட்டார்கள், 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நாங்கள் அதை டெவல் செய்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.

சரி, ஊசி மருந்துக்கு வருவோம். பெரும்பாலும் அது லிக்னொகெயின், 1943இல் சுவீடனில் உருவானது. அது சோடியக் கதவை வெளியிலிருந்து அடைப்பதில்லை. மின்னேற்றமில்லாத வடிவத்தில் சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே ஒரு ஐதரசன் அயனைப் பிடித்து ஏற்றம் பெற்று, கதவை உட்புறமாக அடைக்கிறது. பல் என்னவோ கத்திக்கொண்டுதான் இருக்கும், சத்தம் மூளைக்குப் போய்ச் சேராது. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் பொதுவாக முதலில் மடங்கும், அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பல்லை ஆட்டி இழுப்பது தெரிந்தும் வலிக்காமல் இருப்பது இதனால்தான். சொண்டை அசைக்கும் நரம்பு வேறு என்பதால் கதைக்கவும் முடியும். ஆனால் பிளேன்ரீ குடித்தால் வடிவது தெரியாது.

பேத்தை மீனின் நஞ்சும் இதே சோடியக் கதவைத்தான் அடைக்கிறது, அது வெளிப்பக்கத்திலிருந்து. அதற்கும் முதல் அறிகுறி சொண்டும் நாக்கும் விறைப்பது. அப்புறம் அது உடல் முழுக்கப் பரவி, மூச்சுத் தசைகளின் நரம்புகளும் அடங்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. விறைப்பூசியை ஒரு மூலைக்குள் வைத்திருக்க, அதோடு கொஞ்சம் அட்ரினலினும் கலப்பார்கள். இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கேயே நின்று வேலை செய்யும். பிறகு இரத்தம் அதை மெல்லக் கழுவி ஈரலுக்குக் கொண்டுபோகும்.

சிலருக்கு ஊசி பிடிக்காமலே போவதும் உண்டு, அதுவும் சீழ் பிடித்த பல்லுக்கு. அழற்சியுள்ள இடத்தில் அமிலம் அதிகம். அங்கே மருந்து வெளியிலேயே ஐதரசன் அயனைப் பிடித்து ஏற்றம் பெற்றுவிடும், பிறகு சவ்வைக் கடக்க முடியாது. டொக்டர் இன்னொரு ஊசியை, சீழிலிருந்து தள்ளி, நரம்பு வரும் பாதையில் மேலே போடுவதும், சில வேளை "முதலில் வீக்கம் வற்றட்டும், குளிசையை முடித்துவிட்டு வாருங்கோ" என்று அனுப்பிவிடுவதும் இதனால்தான்.