பாட்டு முதல்ல, படம் அப்புறம்

தூக்கம் வராத ஒரு ராத்திரி சின்ன வயசுல டேப் தேயத் தேய பார்த்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்த மறுபடி போட்டு உக்காந்தேன், 1991ல வந்த கார்ட்டூன்தான், ஆளுங்கள வச்சு பின்னாடி எடுத்தது இல்ல. கதையெல்லாம் மனப்பாடம், அதனால கண்ணு வேற எங்கயோ போச்சு. தட்டு, கரண்டி, மெழுகுவத்தி எல்லாம் ஆடுற அந்தப் பாட்டுல ஒரு கரண்டி கூட தாளம் தப்பலயே, எப்படி? படத்த வரைஞ்சு முடிச்சுட்டு அதுக்கேத்த மாதிரி பாடுவாங்கன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். அப்படியே தலைகீழ். பின்னணி இசைதான் கடைசில வரும், பாட்ட முதல்லயே ரெக்கார்ட் பண்ணிடுவாங்க, அத வச்சுதான் வரையவே ஆரம்பிப்பாங்க.

இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது சின்னக் கணக்குதான். படம் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம் ஓடுது, நிமிஷத்துக்கு 1440. பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு 120 பீட்டுன்னா, அதாவது 120 தாளத் தட்டுன்னா, ஒரு பீட்டுக்கு சரியா 12 ஃப்ரேம், 90ன்னா 16. அப்ப கரண்டி குதிச்சு தரைய தொடணும்னா அது 12வது, 24வது, 36வது ஃப்ரேம்ல தொட்டா போதும், வரையறவர் காதுல பாட்டு ஓடணும்னு கூட இல்ல. எக்ஸ்போஷர் ஷீட்டுன்னு ஒரு நீளமான தாள் இருக்கும், ஃப்ரேமுக்கு ஒரு வரி, அந்த ஃப்ரேம்ல எந்த எழுத்தோட சத்தம் வருது, எந்த டிராயிங் வரணும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். பேசாத படம் ஓடுன காலத்துல ஓட்டுற வேகமே நிலையா கிடையாது, சத்தம் சேர்ந்தப்புறம்தான் 24ன்னு நின்னுச்சு. 1928ல 'ஸ்டீம்போட் வில்லி'ங்கற மிக்கி மவுஸ் கார்ட்டூன் பண்ணப்ப வில்ஃப்ரெட் ஜாக்சன்ங்கறவர் மெட்ரோனோம், அதாவது சீரா தாளம் தட்டுற கருவி வச்சு இந்தக் கணக்க போட்டாரு, இன்னிக்கும் அடிப்படை அதேதான்.

வாய் அசைவு இதவிட சுவாரசியம். 'அம்மா'ன்னு மெதுவா சொல்லிப் பாருங்க, நடுவுல உதடு ஒட்டியே ஆகணும். ம, ப மாதிரி எழுத்துக்கு வாய் மூடலன்னா பார்க்கறவன் உடனே கண்டுபிடிச்சிடுவான், க, ங எல்லாம் தொண்டைப் பக்கமே நடக்கறதால யாருக்கும் தெரியாது. அதனால எத்தன வேகமா பாடினாலும் அந்த மூடுன வாய குறைஞ்சது ரெண்டு ஃப்ரேமாவது வைக்கப் பார்ப்பாங்க. இன்னொரு தந்திரம், வாய் அசைவ சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முன்னாடியே வரையறது. தப்பா தெரியாதான்னா தெரியாது, ஏன்னா வெளிச்சம் முன்னாடி வரும், சத்தம் பின்னாடி வரும்னு நம்ம மூளைக்கு பழக்கம். 100 மீட்டர் தள்ளி ஒருத்தர் விறகு பிளக்கறத பாருங்க, கோடாலி விழுந்து கிட்டத்தட்ட 7 ஃப்ரேம் நேரம் கழிச்சுதான் சத்தம் வந்து சேரும். சத்தம் முன்னாடி வந்து வாய் பின்னாடி அசைஞ்சாதான் எரிச்சலா இருக்கும், மட்டமா டப்பிங் பண்ண படம் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

அப்புறம் அந்த பால்ரூம், பெல்லும் பீஸ்ட்டும் ஜோடியா ஆடுற அரண்மனை ஹால். சின்ன வயசுல இந்த இடத்துல வாயப் பொளந்து பார்த்தேன், இப்பவும் அதேதான். மேல தொங்குற விளக்குகிட்டருந்து கேமரா சறுக்கிட்டு கீழ வருது, தூண், தரை, ஜன்னல் எல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டுனது, ஆடுற ரெண்டு பேரு மட்டும் கையால பேப்பர்ல வரைஞ்சு, ஸ்கேன் பண்ணி, கேப்ஸ்ங்கற சிஸ்டத்துல கலர் அடிச்சு மேல ஒட்டுனது. சாதாரணமா வேலைய குறைக்க ஒரே டிராயிங்க ரெண்டு ஃப்ரேம் நிறுத்துவாங்க, செகண்டுக்கு 12 வரைஞ்சா போதும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா பின்னணி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகருறப்ப ஆளு மட்டும் ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் நகர்ந்தா கால் தரைல ஒட்டாம நடுங்குற மாதிரி இருக்கும். அப்ப 24ம் வரையணும், வேற வழியே இல்ல.

கடைசில பீஸ்ட் ராஜகுமாரனா மாறினப்புறம் ஆடுறாங்களே ஒரு டான்ஸ், அது புதுசு இல்ல. நேரம் பத்தலன்னு 1959ல வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' கடைசி டான்ஸ எடுத்து அது மேலயே இவங்க ரெண்டு பேரையும் வரைஞ்சுட்டாங்க. இத படிச்சப்ப நம்பல, சரின்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு பாஸ் பண்ணி பாஸ் பண்ணி பார்த்தேன், கை தூக்குற இடம், பாவாடை சுத்துற இடம், எல்லாம் அப்படியே இருக்கு. இத்தன வருஷம் எத்தன தடவ பார்த்திருப்பேன், ஒரு தடவ கூட சந்தேகம் வரல.