அமைச்சர் பேசினார், பங்கு விழுந்தது: யாரைக் கேட்பது?

2004 மே 13 அன்று தேர்தல் முடிவு வந்தது. புதிய அரசு இடதுசாரிகளின் ஆதரவில்தான் அமையும் என்ற நிலை. மறுநாளே, பங்கு விலக்கல் (அரசு நிறுவனங்களில் உள்ள அரசின் பங்கை விற்பது) அமைச்சகமே வேண்டாம் என்ற தொனியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஏ.பி. பரதன் பேசினார். அன்று மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 330 புள்ளிகள் இறங்கியது. 17ஆம் தேதி திங்கட்கிழமை ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் சரிந்து, வர்த்தகம் இருமுறை நிறுத்தப்பட்டு, 564 புள்ளி இறக்கத்தில் முடிந்தது. தனியார்மயத்தை எதிர்ப்பது அவருடைய கொள்கை, அதைப் பேச அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சந்தை பீதியில் இருக்கும்போது சொன்ன அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தவர்களில் கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களும் உண்டு.

இருபது ஆண்டு கழித்து நடந்தது வேறு விதம். 2024 மே மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா, ஜூன் 4க்கு முன் பங்கு வாங்கிவையுங்கள் என்று பேட்டியில் சொன்னார். கருத்துக்கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று 2,507 புள்ளிகள் ஏறிய சென்செக்ஸ், வாக்கு எண்ணிய ஜூன் 4 அன்று 4,390 புள்ளிகள் விழுந்தது. 7ஆம் தேதி 76,693க்குத் திரும்பிவிட்டது. அதனால் ‘31 லட்சம் கோடி நஷ்டம்’ என்ற தலைப்புச் செய்தி, விற்காதவர்களைப் பொறுத்தவரை, வெறும் காகிதக் கணக்குதான். உண்மையில் பணத்தை விட்டவர்கள் 3ஆம் தேதி வாங்கி, 4ஆம் தேதி பயந்து விற்றவர்கள்.

அரசு நிறுவனப் பங்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே புரொமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரர், குடியரசுத் தலைவர் பெயரில் மத்திய அரசுதான். எல்.ஐ.சி.யைப் பாருங்கள். 2022 மே மாதப் பொதுப் பங்கு வெளியீட்டில் அரசு தன் 3.5 சதவீதத்தை விற்றது. திரட்டிய சுமார் 21,000 கோடி ரூபாயும் கஜானாவுக்குப் போனது, எல்.ஐ.சி.க்கு ஒரு பைசா வரவில்லை. விலை 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி போக 889. ஒரு லாட், அதாவது குறைந்தபட்சம் வாங்க வேண்டிய தொகுதி, 15 பங்கு, ஆகவே 13,335 ரூபாய். 2023 மார்ச்சில் பங்கு 530 ரூபாய் வரை வந்தபோது அதே லாட்டின் மதிப்பு 7,950. ‘அரசு கைவிடாது’ என்று நம்பி, பங்கு வைத்திருக்க வேண்டிய டீமேட் கணக்கையே முதல்முறையாகத் திறந்தவர்கள் இப்படி வாங்கியவர்களில் ஏராளம். 2024 தொடக்கத்தில் விலை 949ஐத் தாண்டியது. பொறுமையோடு வைத்திருந்தவர் தப்பினார், அவசரத்துக்கு விற்றவர் தப்பவில்லை. ஆகவே அரசுப் பங்கு ஏறும் என்று அமைச்சர் சொன்னால், சொல்பவர் விற்பவரின் தரப்பு என்பதை மனதில் வையுங்கள்.

சட்டத்தில் வழி இருக்கிறதா? அவைக்குள் பேசியதற்கு அரசியல் சாசனம் 105(2) பிரிவு முழுப் பாதுகாப்பு தருகிறது. வெளியே பேசினால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2003ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிமுறை இருக்கிறது. ஆனால் அரசின் பொருளாதாரக் கொள்கை, நாட்டின் பொருளாதார நிலை, சந்தைப் போக்கு பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன பொதுவான கருத்து மோசடி ஆகாது என்று அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. பரதன் பேசியது இந்த விலக்குக்குள் வரும், வரவும் வேண்டும். கொள்கை பேசப் பயப்படும் அரசியல் யாருக்கும் உதவாது. ஆனால் ‘இந்தத் தேதிக்குள் வாங்குங்கள்’ என்பது கொள்கைக் கருத்தா, முதலீட்டு ஆலோசனையா? பணம் வாங்கிக்கொண்டு அதையே தொழிலாகச் சொல்பவர் செபியில் பதிவு செய்தாக வேண்டும். அரசுப் பதவியில் இருப்பவர் நாள் குறித்து வாங்கச் சொல்வது இந்த விலக்கில் அடங்காது என்று விதியிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை பேச்சைக் கேட்டதும் பட்டனைத் தட்டாதீர்கள். தனியார்மயம் என்றால் முதலில் மத்திய அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல், பிறகு ஆலோசகர் நியமனம், விருப்ப மனு, விலைக் கேட்பு என்று படிகள் இருக்கின்றன. அரசு எண்ணெய் நிறுவனமான பாரத் பெட்ரோலியத்தை விற்க 2019 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. கடைசியில் ஒரே ஒரு போட்டியாளர் மிஞ்சியதால் 2022 மே மாதம் விற்பனையே கைவிடப்பட்டது. ஒப்புதல் செய்தியைப் பார்த்து வாங்கியவர் எதிர்பார்த்த விற்பனை நடக்கவே இல்லை. எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அறிக்கையிலும், பங்குச்சந்தைக்கு நிறுவனம் அனுப்பிய அறிவிப்பிலும் பாருங்கள். ஊடகத்தில் வந்த வதந்தியால் விலை பெரிதாக அசைந்தால், சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டும். அந்த ஒரு நாள் காத்திருப்பதால் நீங்கள் எதையும் பெரிதாக இழக்கப்போவதில்லை.

நஷ்டத்தில் விற்றுவிட்டீர்களா? தரகர் அனுப்பும் வர்த்தக விவரச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் அந்த மூலதன நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்து, வருங்கால லாபத்தில் கழிக்க முடியும். தேதி தவறினால் அந்த வசதியும் போய்விடும்.

பேசியவரைக் கேட்க நினைப்பவர்கள் பேச்சின் முழுக் காணொளியை, நாளும் நேரமும் தெரியச் சேமியுங்கள். வெட்டி ஒட்டிய துண்டு எங்கும் செல்லாது. பேச்சுக்கு முன்னும் பின்னும் விலை, வர்த்தக அளவு என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். செபியின் ஸ்கோர்ஸ் தளம் நிறுவனங்கள், தரகர்கள் மீதான புகாருக்கானது. அமைச்சர் மீது அங்கே புகார் பதிய முடியாது. அவருடைய பேச்சை ஒட்டி யாரோ முன்கூட்டியே பெரிய அளவில் வாங்கினார்கள் என்ற சந்தேகம் இருந்தால் செபிக்கே தனியாக எழுதலாம். அமைச்சர் அவையில் வாக்குறுதி கொடுத்திருந்தால், மக்களவையின் அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கணக்கில் வைக்கும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியார்மயமாக்குவோம் என்று 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தது என்ன ஆனது என்று உங்கள் தொகுதி உறுப்பினர் எழுத்துபூர்வக் கேள்வி கேட்டால், பதில் அவைக் குறிப்பில் ஏறும். மேடையிலும் பேட்டியிலும் சொன்னதற்கு அந்தக் குழுவும் கிடையாது.