ஆர்வலர் இல்லை, செயற்பாட்டாளர்

நேற்று இரவுச் செய்தியில் திரைக்கு அடியில் மறுபடியும் ஓடியது: "இளம் காலநிலை ஆர்வலர்கள் கைது". எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். சாலையை மறித்து உட்கார்ந்தவர்களைக் காவலர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கீழே ஆர்வலர் என்று எழுத்து ஓடுகிறது. ஒன்றில் ஆர்வம் இருப்பதற்காகவா ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்?

ஆக்டிவிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி எழுதுகிறார்கள். 'செய்', 'இயக்கு' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. அரசியலில் அது புழங்கத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில். நடுநிலையை விட்டு ஜெர்மனி பக்கம் சேர வேண்டும் என்று சுவீடனில் வாதாடியவர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு யார் யாருக்கோ அந்தப் பெயர் போனது, ஆனால் சும்மா இருக்காமல் இறங்கிச் செய்பவர் என்ற கரு மட்டும் மாறவில்லை. வேர் அவ்வளவுதான்.

ஆர்வலர் நல்ல பழைய சொல், அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்" என்கிறது குறள். அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். தன் அன்புக்குரியவர் படும் துன்பத்தைக் கண்டதும் அவர் கண்ணில் வரும் நீர் உள்ளே இருப்பதை ஊருக்குச் சொல்லிவிடுகிறது. ஆக, உள்ளத்தில் இருப்பதைக் குறிக்கும் சொல். இன்றைக்கும் பறவை ஆர்வலர், இலக்கிய ஆர்வலர் என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். வானிலை ஆர்வலர் என்றும் ஒரு கூட்டம் உண்டு: மொட்டைமாடியில் மழைமானி வைத்து, காலையில் எழுந்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் காலநிலை ஆர்வலர் என்று எழுதினால் படிப்பவர் இருவரையும் ஒரே ஆள் என்றுதான் நினைப்பார். போதாததற்குத் தன்னார்வலர் வேறு இருக்கிறார், அவரோடும் குழப்பம்.

2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், காலநிலை விஷயத்தில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று பன்னாட்டு நீதிமன்றத்திடமே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியது, 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: கடமை உண்டு, மீறினால் பொறுப்பும் உண்டு. வகுப்பறையில் தொடங்கி ஆறு வருடம் ஓடியவர்களை ஆர்வலர் என்று எழுதினால் அந்த ஓட்டம் எங்கே போகிறது?

அது மென்மையான சொல், யாரையும் உறுத்தாது என்று மொழிபெயர்ப்பாளர்கள் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். நிலக்கரியை நிறுத்து, சூரிய மின்சாரத்துக்கு மாறு என்று ஒருவர் கேட்கும் கோரிக்கையைப் பொழுதுபோக்காக இறக்கிவிடுகிறது. அப்புறம், தலைப்பில் இடமில்லை என்பார்கள். ஆர்வலர் ஐந்தெழுத்து, செயற்பாட்டாளர் எட்டெழுத்து, உண்மைதான். ஆனால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒன்பது எழுத்து, அவருக்கு மட்டும் தினமும் இடம் கிடைக்கிறதே!

வேறு சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். போராளி என்றால் துப்பாக்கி நினைவுக்கு வருகிறது. செயல்வீரர் அழகான சொல், ஆனால் அதைக் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. செயல்வீரர்கள் கூட்டம் என்றாலே மேடையும் கொடியும்தான். செயற்பாட்டாளர் என்பதில் செயல் இருக்கிறது, வழிபாடு, நிலைப்பாடு என்பவற்றில் வரும் பாடு இருக்கிறது, செய்பவரைக் காட்டும் ஆளர் இருக்கிறது. செயல்பாட்டாளர் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. எந்திரத்தின் இயக்கத்தையும் செயல்பாடு என்கிறோமே என்று கேட்கலாம். எந்திரத்தை ஓட்டுபவரை யாரும் செயற்பாட்டாளர் என்பதில்லை, எனவே குழப்பம் வராது. இலங்கைத் தமிழ் ஏடுகள் இதை வெகு இயல்பாக எழுதுகின்றன.

இந்த ஒரு சொல்லோடு நின்றால் பரவாயில்லை. "இளைஞர்கள் காலநிலைக்காக ஒழுங்கமைக்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் படித்தேன், ஆர்கனைஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. எதை ஒழுங்கமைக்கிறார்கள், அலமாரியையா? அணிதிரள்கிறார்கள் என்று கையில் சொல் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 20 அன்று, 15 வயது கிரெட்டா துன்பெர்க் ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தபோது பக்கத்தில் வெள்ளைப் பலகை, அதில் கறுப்பு எழுத்தில் சுவீடிய மொழியில் ஒரு வரி. அதைப் 'பள்ளி வேலைநிறுத்தம்' என்று தமிழில் எழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மாணவி எந்த வேலையை நிறுத்தினாள்? வகுப்புப் புறக்கணிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, கல்லூரி வாசலில் ஒருநாள் நின்றவர் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.