அழுக்குப் படலம் செய்யும் வேலை

"தெளிவாக இருக்கும் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடாது. ஆறோ ஏரியோ கிணறோ, கலங்கல் கண்ணுக்குத் தெரியும். காலரா, டைபாய்டு கிருமிகள் தெரியாது. அவற்றைப் பிடிக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மணல் படுகை வழியே தண்ணீரை மெல்ல இறங்கவிட்டுச் சுத்தமாக்கும் மெது மணல் வடிகட்டி.

பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். மணல் இடுக்குகள் அதைவிடப் பல மடங்கு அகலமானவை. சல்லடைக் கணக்குப்படி கிருமிகள் எல்லாம் தப்பிவிட வேண்டும். புது மணலில் நிறையத் தப்பவும் செய்கின்றன. ஆனால் சில வாரங்கள் தண்ணீர் ஓடியபின் மணலின் மேற்பரப்பில் வழவழப்பான ஒரு படலம் உருவாகிறது. பாசி, பூஞ்சை, பாக்டீரியா, ஒருசெல் உயிரிகள் எல்லாம் கூடி வாழும் படலம் அது. தண்ணீர் மணிக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர்தான் இறங்கும். அந்த நிதானத்தில் நோய்க்கிருமிகள் படலத்திலும் மணலிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒருசெல் உயிரிகள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. அழுக்கு என்று நாம் சுரண்டி எறிய நினைக்கும் அந்தப் படலம்தான் தண்ணீரைச் சுத்தமாக்குகிறது!

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. ஒட்டியே இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்தபிறகு அதே ஆற்றில் நீர் எடுத்தது; ஆனால் மணலில் வடிகட்டியது. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் இந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டினார். காலராவைத் தெய்வ கோபம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரமே இல்லாமலும் ஓடக்கூடிய இந்த முறைக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் தாராளமாக வர வேண்டும் என்பது என் கருத்து.

சரி, எல்லாவற்றையும் இது நீக்குமா? நீக்காது. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடும், வயல் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் பெரும்பாலும் அப்படியே இறங்கிவிடும். ஆர்செனிக்குக்கும் இதை மட்டும் நம்ப முடியாது. கிணற்று நீரானாலும் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும்.

வடிகட்டியபின் குளோரின் சேர்ப்பது வழியில் வரும் ஆபத்துக்காக. குழாய் விரிசலில் சாக்கடை கசிந்தால் அங்கே காவலுக்கு இருப்பது அதுதான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். லேசான குளோரின் வாசனைக்காகத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.