கான்கிரீட்டின் சூட்டை அளக்கிறோம், கம்பி கட்டுபவரின் சூட்டை?

கத்திரி வெயிலில் மதுரைப் பக்கம் ஒரு பெரிய தளம் போடும் நாள். ரெடிமிக்ஸ் வண்டி வந்து நின்றதும் ஒருவர் தள்ளுவண்டியில் கொஞ்சம் கலவையை வாங்கி, அதில் வெப்பமானியைச் செருகி, எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். காற்றின் வெப்பமோ கலவையின் வெப்பமோ 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதை வெயில்காலக் கான்கிரீட்டாகக் கருதித் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 7861 என்ற இந்தியத் தரநிலை. அதனால் கலவைத் தண்ணீரில் ஐஸ் போடுகிறார்கள், ஜல்லியை நிழலில் வைக்கிறார்கள், முடிந்தால் வேலையை அதிகாலைக்கு மாற்றுகிறார்கள். சூடான கலவை சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும், கடைசியில் எட்டும் வலுவும் குறையும்.

இது சரியான ஏற்பாடு. ஆனால் அதே தளத்தில் கொதிக்கும் கம்பி மேல் குனிந்து நிற்கும் மனிதரின் உடம்பு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அவருக்கும் 40 டிகிரிதான் எல்லை. உடம்பின் உள்வெப்பம் 37-லிருந்து 40-ஐத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால் அது வெப்பவாதம். சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும்.

மூன்றே டிகிரி. இதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம் தசைகள் எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி நான்கு பங்கும் வெப்பமாகிறது. கலவைச் சட்டி தூக்குவது, கம்பி சுமப்பது போன்ற கடின வேலையில் ஒருவர் உடம்பு சுமார் 350 வாட் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் எந்த வழியிலும் வெளியேறாவிட்டால், 60 கிலோ எடையுள்ளவரின் உடம்பு பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணி நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார். அப்படி விழாமல் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது வியர்வை.

வியர்வை வேலை செய்யும் விதம் நம் வீட்டு மண்பானையிடம் இருக்கிறது. பானையின் சுவர் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. சென்னையின் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் சரியாகக் குளிராததற்கும் உடம்பு கசகசவென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது.

மதுரையின் வறண்ட கோடையில் வேறொரு ஆபத்து. வியர்வை சுரந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாததால், "நமக்கு அவ்வளவா வேர்க்கல" என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போயிருக்கும், சட்டையில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். தாகம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் என்று கணக்கு வைக்கிறார்கள். மொத்தமாகக் குடிப்பதைவிட இது நல்லது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது, இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தாகக் குறைந்துவிடும். நீண்ட நேர வேலையில் இடையிடையே உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் கொடுப்பது நல்ல வழக்கம்.

சரி, இன்று எவ்வளவு ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்தியில் சொல்லும் "மதுரையில் 40 டிகிரி" போதாது. அது நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் அளந்த எண். 1950-களில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க ஒரு புதிய அளவை உருவாக்கினார்கள். அதற்கு மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஈரத்துணி சுற்றிய ஒன்று, வியர்வை ஆவியாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று காட்டும். கறுப்பு உருண்டைக்குள் வைத்த ஒன்று, வெயிலும் தரையும் வீசும் வெப்பத்தைக் காட்டும். மூன்றாவது சாதாரண வெப்பமானி. முதலாவதில் 70 விழுக்காடு, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10 எடுத்துக் கூட்டினால் ஒரே எண் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக ஈரத்துணி 27, கறுப்பு உருண்டை 52, காற்று 40 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 33.3 வரும். பார்க்கச் சின்ன எண். ஆனால் கடினமான உடலுழைப்பில் பாதி நேரத்தை ஓய்வுக்கு விட்டாலும், வெயிலுக்குப் பழகியவருக்கே சர்வதேச வழிகாட்டுதல் தரும் வரம்பு 30-க்குக் கீழேதான். அந்த நேரத்தில் கம்பி கட்டும் வேலையை நிறுத்தி, நிழலில் செய்யக்கூடிய வேலைக்கு ஆட்களை மாற்றுவதுதான் முறை. இந்த எண்ணைக் காட்டும் கையடக்கக் கருவி, ஒரு பெரிய திட்டத்தின் செலவில் கணக்கிலேயே வராது.

"வெயிலுக்குப் பழகியவர்" என்று சொன்னேனே, இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். வெயிலில் வேலை செய்யத் தொடங்கினால் ஒன்று, இரண்டு வாரங்களில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயம் குறைவாகத் துடித்தே சமாளிக்கும், வியர்வை சீக்கிரம் தொடங்கி நிறையச் சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். இந்த மாற்றம் வரும் முன்பு அதே மனிதர் அதே வெயிலில் ஆபத்தில் இருக்கிறார். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் தகவல்படி, வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய பாதி, அந்த நபரின் முதல் நாளிலேயே நடக்கிறது. 70 விழுக்காட்டுக்கு மேல் முதல் வாரத்துக்குள்.

நம் கட்டுமானத் தளங்களில் நடப்பதோ நேர்மாறு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கிய பையனை மறுநாள் காலையே முழு வேலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். உடம்பைப் பழக்கப்படுத்தும் விதி வேறு. புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை 20 விழுக்காடு மட்டும், பிறகு தினமும் 20 கூட்டலாம். பழைய ஆளுக்கும் விதி உண்டு. ஒரு வாரம் விலகி இருந்தாலே இந்தப் பழக்கம் கரையத் தொடங்கும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிற கொத்தனார் இருபது வருடம் வெயிலில் நின்றவராக இருக்கலாம், ஆனாலும் திரும்பிய முதல் நாள் பாதி வேலை, பிறகு 60, 80, நான்காம் நாள்தான் முழுசு. அதுவரை முழுக்கூலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் இந்த விதியை ஏற்க மாட்டார்கள். சதுர அடிக் கணக்கில் காசு வாங்குபவர் தானாக நிழலுக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. ஓய்வு நேரத்தை டெண்டரிலேயே செலவாகச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் கதை தனி. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் பலர் குடிப்பதில்லை, கழிப்பறை இல்லாததால். அடக்கி வைத்து அடக்கி வைத்து சிறுநீர்த் தொற்று, அதற்கு மேல் நீரிழப்பு. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருக்கின்றன. ஆகவே பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை வெப்பநோய்க்கான தடுப்புக் கருவியும்தான். 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் "குடிநீர்" என்று எழுதியிருக்க வேண்டும் என்றுகூட சொன்னது. இப்போதைய தளங்களில் அதைத் தமிழோடு இந்தியிலும் எழுத வேண்டியிருக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாரத்தில் தலைசுற்றி விழுந்தவரின் சாவு "தவறி விழுந்தார்" என்றுதான் பதிவாகும். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியதும், களைப்பில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட மறந்ததும் எந்தப் பதிவேட்டிலும் வராது.

மேலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், வந்து இரண்டாம் நாளே ஒரு பையன் உளறத் தொடங்கினான். குடித்திருக்கிறான் என்று மேஸ்திரி அதட்டினார். உடம்பு முழுக்க வியர்வை இருந்ததால் நானும் வெப்பவாதம் என்று நினைக்கவில்லை. அது தப்பு. உழைக்கும்போது வரும் வெப்பவாதத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். தடுமாற்றம், உளறல், சம்பந்தமில்லாத கோபம் இவைதான் முதல் அடையாளம். ஒரு வயதான சித்தாள் அக்காதான் அவனைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, உடம்பு கொதிக்குதுப்பா" என்று கத்திக்கொண்டே குடத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். பையன் பிழைத்தான்.

அந்த அக்கா செய்ததுதான் இன்றைய மருத்துவம் சொல்வதும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். உள்வெப்பம் அரை மணி நேரத்துக்குள் இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒரு தார்ப்பாயில் அவரைப் படுக்க வைத்து, நாலு பேர் ஓரங்களைத் தொட்டில்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும், தலை மட்டும் வெளியே. தார்ப்பாய் சிமென்ட் மூட்டை மேல் கிடக்கும். தண்ணீர், நேற்றுப் போட்ட தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துவதற்காக இழுத்த ஹோஸில் வந்துகொண்டிருக்கும். ஐஸ் கான்கிரீட்டுக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள்.