19650809: தேசிய தினத்தை ஓர் எண்ணாக எழுதினால்

சிங்கப்பூர் தனிநாடான 1965 ஆகஸ்ட் 9-ஐ ஆண்டு, மாதம், தேதி என ஒட்டி எழுதினால் 19650809. (தேதியை முன்னால் போட்டால் 9081965. அது 5-இல் முடிகிறது, சுவாரஸ்யமில்லை.) இது பகா எண்ணா? ஒற்றைப்படை, இலக்கங்களின் கூட்டல் 38. ஆகவே 2, 3, 5 மூன்றும் கழிந்தன.

7, 11, 13-ஐ ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும்: 809 − 650 + 19 = 178. இந்தச் சின்ன எண்ணை வகுத்தால் மீதி முறையே 3, 2, 9. அடுத்து 17-க்கு மீதி 16, 19-க்கு 2. 23-க்கு மீதியே இல்லை.

19650809 = 23 × 854383

வேலை இனிமேல்தான். 854383-இன் வர்க்கமூலம் 924 சொச்சம். அதுவரை 157 பகா எண்கள் உள்ளன. 23-க்குக் கீழுள்ள எட்டை மறுபடி தொட வேண்டாம். ஆனால் 23-ஐ இன்னொரு முறை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். மீதி 2, தப்பித்தோம். பாக்கி 148 வகுத்தல்.

அதற்குமுன் ஃபெர்மா சோதனை வைக்கலாம். p என்பது 2 அல்லாத பகா எண் என்றால், 2-ஐ p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 854382-ஆம் அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம். இருபடியாக்கி, உடனே வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுக்கு கேட்கும் இடத்தில் இரட்டித்துப் போனால் 19 இருபடியில் முடிந்துவிடும். 2²⁶-க்கு மீதி 466990, 2⁵²-க்கு 108116, 2¹⁰⁴-க்கு 255633. இதன் இருபடி 65348230689, பதினோரு இலக்கம். பத்து இலக்கக் கால்குலேட்டரில் கடைசி 9 காணாமல் போகும்; அதன்பின் வரும் மீதி எல்லாம் குப்பை. சரியாகப் போட்டால் முடிவில் 1 வருகிறது.

மீதி வேறாக இருந்தால் அது பகா எண் அல்ல என்பது உறுதி. 1 வந்தாலோ உறுதியில்லை: 341 = 11 × 31, அதுவும் இதே சோதனையில் தேறிவிடும். இந்த அளவு எண்ணுக்கு 148 வகுத்தலையும் போட்டுவிடுவதே நேர்மை. எதிலும் மீதி பூஜ்யமில்லை. 854383 பகா எண்தான்.

இனி மற்றவை தானாக வரும். வகுத்திகள் நான்கு, அவற்றின் கூட்டல் 24 × 854384 = 20505216. 19650809-க்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 22 × 854382 = 18796404.

ஒன்று மட்டும் ஏமாற்றும். 4-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 29 = 25 + 4. 19650809-க்கும் மீதி 1தான், ஆனால் எழுத முடியாது. 23-க்கும் 854383-க்கும் தனித்தனியே மீதி 3. பெருக்கினால் 9, அதில் மிஞ்சுவது 1. மீதி 3 தரும் பகா எண் இரட்டைப்படை முறை வந்தால்தான் வர்க்கக் கூட்டல் அமையும். இங்கே ஒவ்வொன்றும் ஒரே முறை. 21 = 3 × 7 என்று எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள், அதே கதைதான்.