இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு உடம்பு சுட்டால்

டெல்லிக் குளிரில், ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ ஒரு தமிழ் வீட்டில் பச்சைக்குழந்தைக்கு உடம்பு கணகணவென்று இருந்தால், "இத்தனை கம்பளி சுற்றினால் சுடாமல் என்ன செய்யும்" என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். கம்பளியை விலக்கிவிட்டு, கால் மணி, அரை மணி நேரம் கழித்து அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அப்போதும் 37.5 டிகிரி செல்சியஸ் (99.5 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காட்டினால், குழந்தைக்கு இரண்டு மாதம் நிறையவில்லை என்றால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்பது இந்த வயதில் செல்லாது.

ஏன் செல்லாது? நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் வந்துசேர்கிறது, ஐஜிஎம் வருவதில்லை, ஈ.கோலை மாதிரிக் கிருமிகளை எதிர்க்க ஐஜிஎம்தான் பெரிதும் உதவும். வெள்ளணுக்களின் கையிருப்பும் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் மூத்திரப் பாதையோடு நிற்க வேண்டிய தொற்று ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளையுறைக்கும் போய்விடக்கூடும், அப்போதும் பெரியவர்களுக்குப் போலக் கழுத்து விறைக்க வேண்டும் என்பதில்லை. இந்த வயதில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று இருக்கிறது, பெரும்பாலும் மூத்திரத் தொற்று. மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான், ஆனால் எது எந்தக் குழந்தை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பால் குடிப்பதைக் கவனியுங்கள். மார்பருகே கொண்டுபோனதுமே வாயைத் திறந்து தேடுகிற குழந்தை, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் துவண்டு போனால், காய்ச்சலே இல்லாவிட்டாலும் அது ஆபத்தின் அறிகுறி. முழு ஒரு நிமிடம் எண்ணி மூச்சு 60-ஐத் தொட்டாலும் (ஒருமுறை எண்ணியதை நம்பாமல் திரும்பவும் எண்ணுங்கள்), சீண்டினால்தான் அசைகிறது என்றாலும் அப்படியே. அப்புறம், டெல்லியில் எளிதாக ஏமாற்றிவிடும் ஒன்று உண்டு: தொற்று முற்றினால் சில குழந்தைகளுக்கு உடம்பு குளிர்ந்துவிடும். 35.5-க்குக் கீழே போனால் குளிர்காலம்தானே என்று விட்டுவிடாமல், நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றியபடியே கொண்டுபோங்கள்.

மருத்துவமனையில் சிறிய குழாய் விட்டு மூத்திரம் எடுப்பார்கள், ஏனென்றால் பையில் பிடித்ததில் தோலின் கிருமியும் கலந்துவிடும். ரத்தத்தில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), தொற்று இருந்தால் உயரும் சிஆர்பி என்ற புரதம், சில இடங்களில் அதைவிடச் சீக்கிரம் உயரும் புரோகால்சிடோனின், இவற்றைப் பார்ப்பார்கள். மூளையுறைக்குத் தொற்று போயிருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி விட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும்தான் வீட்டில் அழுகை, நடக்க முடியாமல் போய்விடுமோ என்று. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். கல்ச்சர் முடிவு தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குக் காத்திராமலே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை 2011 முதல் 2014 வரை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் அதிகம் சிக்கிய அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா கிருமிகளில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு அடங்காதவையாகவே இருந்தன. பாராசிட்டமால் சொட்டு கொடுத்துச் சூடு இறங்கிவிட்டது என்பதும் எதையும் நிரூபிக்காது, பாக்டீரியா காய்ச்சலும் அதற்கு இறங்கும். ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஊசியால்தான், ஆனாலும் மருத்துவரிடம் காட்டி, மூத்திரத்தையாவது பார்த்துவிடச் சொல்லுங்கள்.